பரணில் ஏறப் போகிறவர்களுக்கு

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு பையன்கள், ஒரு பெண். மூவரும் டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள கார் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள். ஆளுக்கொரு காம்பவுண்ட் வில் வாங்கிவிட்டார்கள். மிஷிகனில் அக்டோபர் 1 அன்று மான் வில்வேட்டை தொடங்கிவிடும், அதற்குள் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டுவிட வேண்டும் என்ற அவசரம் முகத்தில் தெரிந்தது. எங்கிருந்து வந்தது இந்த ஆசை என்று கேட்டேன். "ஜோ ரோகன் பாட்காஸ்ட், அங்கிள்" என்றான் ஒருவன். இன்னொருவன் டெட் நுஜென்ட்டின் பழைய நிகழ்ச்சிகளை உட்கார்ந்து பார்க்கிறானாம். அந்தப் பெண்தான் கேட்க வேண்டியதைக் கேட்டாள்: "இவங்கல்லாம் வாய்க்கு வந்ததைப் பேசறாங்களே, இதனால வில்வேட்டைக்கு நல்லதா, கெட்டதா?"

காபி ஆறும்வரை பேசினேன், பாதிதான் முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். எண் போட்டிருப்பது தேடி எடுக்க வசதிக்காக. முப்பது வருஷமாகப் பரணில் உட்கார்ந்திருக்கிறேன். பெரும்பாலான நாட்கள் வெறுங்கையோடு இறங்கியவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று: இந்தியாவில் 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி வேட்டை குற்றம். நான் எழுதுவது மிஷிகன் சங்கதி.

1. உங்களைக் கூட்டி வந்தவரை நினைத்துக் கூச்சப்பட வேண்டாம்.

யாரோ பேசிக் கேட்டு, யாரோ காட்டிப் பார்த்துத்தான் எல்லோரும் வந்தோம். மிஷிகன் வில்வேட்டைக்குத் தகப்பன் மாதிரி இருந்த ஃபிரெட் பேர், 1927-இல் டெட்ராய்ட்டில் ஒரு படம் பார்த்தார். ஆர்ட் யங் என்பவர் அலாஸ்காவில் வில்லோடு திரிந்த படம். அதற்குப் பிறகு அவருக்கு ஆயுசு முழுக்க வில்தான். ஆர்ட் யங்கின் கூட்டாளி சாக்ஸ்டன் போப், கலிஃபோர்னியாவில் அறுவை சிகிச்சை மருத்துவர். அந்தப் போப்புக்கு வில் கற்றுக்கொடுத்தவர் இஷி. 1911-இல் ஓரோவில் என்ற ஊரின் ஓரத்தில் பசியோடு வந்து நின்ற, யாஹி இனத்தின் கடைசி மனிதர். தன் பெயரைத் தன் வாயால் சொல்வது அவர்களிடம் வழக்கமில்லை. அவரும் சாகும்வரை சொல்லவில்லை. இஷி என்றால் அவர் மொழியில் மனிதன் என்று மட்டுமே பொருள். கூப்பிட ஒரு பெயர் வேண்டுமே என்று மானுடவியல் ஆய்வாளர் ஒருவர் வைத்தது. 1916-இல் காசநோயில் இறந்துபோனார். அவரிடம் கற்றதைப் போப் 1923-இல் புத்தகமாகப் போட்டார், அது நாடு முழுக்க வில்லைப் பரப்பியது.

இன்றைய இவ்வளவு சத்தத்துக்கும் வேரைத் தோண்டிக்கொண்டே போனால், பெயரைக்கூடச் சொல்லாத ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

2. தூதர் யாரிடம் போகிறார் என்று பாருங்கள்.

வேட்டையைப் பற்றி ஊரறியப் பேசுகிற பிரபலம் நமக்குத் தூதர் மாதிரி. சம்பந்தம் பேசப் போகிறவர் நம் திண்ணையில் உட்கார்ந்து அடிக்கிற ஜோக்குக்கு நாம் சிரிப்பதில் ஒன்றும் இல்லை. பெண் வீட்டில் போய் எப்படி நடந்துகொள்கிறார் என்பதுதான் விஷயம். 2016-இல் அரசு எடுத்த கணக்கெடுப்புப்படி இந்த நாட்டில் வேட்டைக்காரர்கள் 1 கோடியே 15 லட்சம் பேர். பெரியவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட முழுசாக இல்லை. மீதி 95 பேர்தான் பெண் வீட்டார்.

அவர்கள் கையில் ஓட்டு இருக்கிறது. என் கண் முன்னால் மிஷிகனில் மூன்று முறை நடந்தது. 1996-இல் இரை வைத்தும் நாய் விட்டும் கரடி வேட்டையாடுவதைத் தடை செய்யலாமா என்று கேட்டார்கள். வேண்டாம், இருக்கட்டும் என்று மக்கள் ஓட்டுப் போட்டார்கள். 2006-இல் புறா வேட்டையை அனுமதிக்கலாமா என்று கேட்டார்கள். நூற்றுக்கு 69 பேர் கூடாது என்றார்கள். 2014-இல் ஓநாய் வேட்டைக்கான சட்டங்கள் ஓட்டுக்கு வந்தன. அவற்றையும் தள்ளினார்கள். இவர்கள் வேட்டையின் எதிரிகள் என்று நான் சொல்லமாட்டேன். சாப்பாட்டுக்காக மான் வேட்டை என்றால் பெரும்பாலோர் சரி என்கிறார்கள். சுவரில் தலையை மாட்டுவதற்கு என்றால் முகம் மாறுகிறது. நாம் மரத்தில் உட்கார்ந்திருப்பது அவர்கள் தலையாட்டியதால்தான். அந்தத் தலை எந்தப் பக்கம் ஆடும் என்பதைக் கொண்டுதான் தூதரை எடை போட வேண்டும்.

3. நுஜென்ட் கணக்கை வரவும் செலவுமாக எழுதுங்கள்.

டெட் நுஜென்ட் டெட்ராய்ட்டுக்காரர். 1970-களில் கிட்டார் வாசித்து அரங்கங்களை நிறைத்தவர். ஃபிரெட் பேருடன் பழகியவர், அவர் பெயரிலேயே ஒரு பாட்டு போட்டிருக்கிறார். நவம்பரில் இந்தப் பக்கத்து வேட்டை முகாம்களில் அந்தப் பாட்டைக் கேட்காமல் இருக்க முடியாது. பிள்ளைகளுக்கு வில் கற்றுக்கொடுக்க முகாம் நடத்தினார். மாமிசம் சாப்பிடுகிறவன் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஓயாமல் சொன்னார். இதெல்லாம் வரவு.

செலவுப் பக்கத்துக்கு வருவோம். 2010-இல் அவருடைய சொந்த டி.வி. நிகழ்ச்சியைப் பார்த்தே கலிஃபோர்னியா வன அதிகாரிகள் வழக்குப் போட்டார்கள். மானுக்கு இரை வைத்தது, அடித்த மானில் கட்ட வேண்டிய லைசென்ஸ் டேக்கில் முறையான கையெழுத்து இல்லாதது ஆகிய இரண்டையும் அவர் எதிர்த்து வாதாடவில்லை. அபராதம் 1,750 டாலர். 2012-இல் அலாஸ்கா வழக்கு. 2009-இல் அங்கே ஒரு தீவில் கருங்கரடி மேல் அம்பு விட்டார், அது உரசிக் காயப்படுத்திவிட்டுப் போனது. அந்தப் பகுதி விதிப்படி காயப்பட்ட கரடியும் கணக்கில் சேரும், ஒருவருக்கு ஒன்றுதான். அவர் சில நாள் கழித்து இன்னொன்றைக் கொன்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டு 10,000 டாலர் கட்டினார். அப்படி ஒரு விதி இருப்பது தெரியாது என்பது அவர் தரப்பு. இரண்டுமே கேமரா முன்னால் நடந்தவை.

அதே 2012-இல் அதிபர் ஒபாமாவைப் பற்றி மேடையில் பேசிய பேச்சுக்காக ரகசியப் பாதுகாப்புப் பிரிவினர் வந்து அவரை விசாரித்தார்கள். 2014-இல் அதே அதிபரை மனிதனுக்குக் கீழானவர் என்ற பொருளில் திட்டிவிட்டு, பிறகு வருத்தம் தெரிவித்தார். மானுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். பெண் வீட்டார் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை.

என் தீர்ப்பு: இவர் நமக்குத் தூதர் ஆகமாட்டார். அரசியல் பேச்சைக்கூட நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். முதல் காரணம் அந்தக் கரடி. ஏன் என்று அடுத்த எண்ணில் சொல்கிறேன்.

4. அம்பு பட்டதும் கணக்கு தொடங்கிவிடுகிறது.

1994 அக்டோபர். ஹவல் ஊருக்கு அப்பால் ஒரு மக்காச்சோளக் கொல்லையின் ஓரம், ஓக் மரத்தில் பரண். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற டூல் அண்ட் டை தொழிலாளி. அவர் நூறு கெஜம் தள்ளி இன்னொரு மரத்தில். பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு பெண்மான் வந்தது. 22 கெஜம் இருக்கும். வில்லை இழுத்துப் பிடித்தேன். நாண் விடுபடும் அந்தக் கணத்தில் அது ஒரு எட்டு முன்னால் வைத்தது. நெஞ்சில் பட்டால் கேட்கிற சத்தம் வேறு. எனக்குக் கேட்டது 'பொத்'தென்று, ஈரச் சாக்கில் அடித்த மாதிரி.

இறங்கிப் போய் அம்பை எடுத்தேன். சிவப்பு கொஞ்சம், மேலே பச்சையும் பழுப்புமாகப் பிசின். டார்ச்சைப் போட்டுக்கொண்டு ஓடப் பார்த்தேன். பெரியவர் வந்து அம்பை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். "வயிறு" என்றார். வண்டியின் பின்கதவை இறக்கி உட்கார்ந்து, ஃபிளாஸ்கைத் திறந்து எனக்குக் காபி ஊற்றினார். இப்போது துரத்தினால் அது மைல் கணக்கில் ஓடும், விட்டுவிட்டால் பக்கத்திலேயே படுக்கும் என்றார். நுரையோடு இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், அரை மணி போதும். இருண்ட சிவப்பு என்றால் ஈரல், சில மணி நேரம். பச்சை என்றால் விடியும்வரை. அம்பு, துப்பாக்கிக் குண்டு மாதிரி அதிர்ச்சியில் கொல்வதில்லை. ரத்தம் வடிந்துதான் உயிர் போகும். அந்த இரவு நான் தூங்கவில்லை.

விடிந்ததும் கோரைப் புல் அடர்ந்த ஒரு சதுப்பில் கண்டுபிடித்தோம். பின்தொடை இரண்டையும் கயோட்டி நரிகள் தின்றிருந்தன. மிச்சத்தில் ஒரு வேளைக் குழம்புக்குக்கூடத் தேறாது. பெரியவர் என் சட்டைப்பையிலிருந்து லைசென்ஸ் டேக்கை எடுத்து என் கையில் கொடுத்தார். "இதற்குமா கட்ட வேண்டும்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. தேதியைக் குறித்து, காதில் கட்டினேன். என்னிடம் இருந்தது அந்த ஒரு டேக்தான்.

அந்தக் காலையில் கேமரா இருந்து, டி.வி.க்கு எபிசோடு முடிக்க வேண்டும் என்று ஒருவர் கைக்கடிகாரத்தைக் காட்டியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்திருக்கிறேன். நல்ல பதில் வரவில்லை. அதனால்தான் நுஜென்ட்டைத் திட்டுவதைவிட, அவர் உட்கார்ந்த இடத்தில் உட்காராமல் இருப்பது நல்லது என்கிறேன்.

5. ரோகனிடம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் விட வேண்டியதும்.

2012-இல் வேட்டை எழுத்தாளர் ஸ்டீவன் ரினெல்லா அவரை மான்டானாவுக்குக் கூட்டிப்போய் முதல் மானைச் சுட வைத்தார். பிறகு ரோகன் வில்லுக்கு மாறினார், எல்க் மான் தேடி மலை ஏறினார். சுட்டதைச் சாப்பிடுகிறார், அதைப் பற்றிப் பேசுகிறார். டி.வி. வேட்டை நிகழ்ச்சியில் அரை மணி நேரத்துக்குள் விலங்கு விழுந்தாக வேண்டும். மூன்று மணி நேர உரையாடலில் அந்த நெருக்கடி இல்லை. வெறுங்கையோடு வந்த கதைக்கும், குறி தவறியதன் அவமானத்துக்கும், உயிரைக் கொன்ற சங்கடத்துக்கும் அங்கே இடம் இருக்கிறது. வேட்டையை வாழ்நாளில் பார்த்திராத நகரத்துப் பிள்ளைகள் அவர் பேச்சைக் கேட்டு இறைச்சியைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். உங்கள் மூவரையும் சேர்த்து.

சிக்கல் எங்கே என்றால், அவர் மூட்டையில் நம் சாமான் ஒன்று, மற்றவர் சாமான் தொண்ணூறு. 2022 தொடக்கத்தில் கொரோனா தடுப்பூசிப் பேச்சுக்காக அவர் மேல் பெரிய கூச்சல் எழுந்தது. பாடகர் நீல் யங் தன் பாட்டுகளை ஸ்பாட்டிஃபையிலிருந்து எடுத்துக்கொண்டார். அந்த மாதத்தில் பக்கத்து வீட்டு டாக்டரம்மாவுக்கு வழக்கம்போல மான் இறைச்சிப் பொட்டலம் கொடுக்கப் போனேன். "ஓ, நீங்களும் ரோகன் ஆளா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். இருபது வருஷமாக வாங்கிக்கொண்டிருந்தவர். ரோகன் பாட்காஸ்ட் தொடங்கியது 2009-இல். அதற்கு முன்னாலிருந்தே நான் அவருக்குக் கொடுத்துவருகிறேன்.

ஆகவே அவரைக் கேளுங்கள், வேட்டைப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கொடியைத் தூக்க வேண்டாம். எல்க் கனவையும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். வழிகாட்டி வைத்துப் போகிற எல்க் வேட்டைக்கு ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும். வீட்டிலிருந்து அரை மணி தூரத்தில் பெண்மான் இருக்கிறது.

6. தூதரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை.

2015 ஜூலையில் ஜிம்பாப்வேயில் சிசில் என்ற சிங்கம் செத்தது. ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சிக்காரர்கள் கழுத்துப்பட்டை மாட்டி வைத்திருந்த சிங்கம். மினசோட்டாவைச் சேர்ந்த ஒரு பல் மருத்துவர் வில்லால் காயப்படுத்தி, பல மணி நேரம் கழித்துத்தான் அதன் உயிர் போனது. அவரிடம் காகிதங்கள் சரியாக இருந்தன என்று அந்த அரசே பிறகு சொல்லி, அவர் மேல் வழக்குப் போடவில்லை. ஆனால் அதைக் கேட்க அப்போது யாரும் இல்லை. முந்தின வாரம்வரை ஊருக்கு வெளியே அவரை யாருக்கும் தெரியாது. ஒரே வாரத்தில் உலகத்தின் கண்ணுக்கு அவர்தான் வில்வேட்டை. நாம் கூட்டம் போட்டு நியமித்த எந்தப் பிரபலத்துக்கும் அந்த வீச்சு வராது.

செல்ஃபோனை எடுக்குமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே தொங்கும் நாக்கை உள்ளே தள்ளுங்கள், ரத்தத்தைத் துடையுங்கள், மேலே ஏறி உட்காராதீர்கள். அதற்கும் மேலே ஒரு யோசனை: படத்தை உங்களுக்கு வைத்துக்கொண்டு, சமைத்த குழம்பின் படத்தை ஊருக்குப் போடுங்கள்.

7. தமிழ்ச் சங்கப் பொங்கல் விருந்துக்கு மான் சுக்கா கொண்டுபோனால் பாத்திரத்தின் மேல் என்ன இறைச்சி என்று எழுதி ஒட்டுங்கள். சைவ மேஜைக்கு எட்டவே வையுங்கள். "நீங்க சாப்பிடற கோழி மட்டும்..." என்று யாரிடமும் ஆரம்பிக்காதீர்கள். நான் ஆரம்பித்திருக்கிறேன். ஒரு அத்தை இன்னும் என்னோடு பேசுவதில்லை.

8. வாயை மூடிக்கொண்டு இருப்பதும் பதில் இல்லை.

இதைச் சொல்லாவிட்டால் என்னைத் தவறாக எடுத்துக்கொள்வீர்கள். மிஷிகனில் வில்லுக்கென்று தனி மான் பருவம் 1937-இல் இரண்டே கவுண்டிகளில் தொடங்கியது. அதற்காக அலைந்து பேசியவர்களில் ஃபிரெட் பேரும் ஒருவர். அவரும் பிரபலம்தான். படம் எடுத்தார், டி.வி.யில் வந்தார், வில் விற்றுப் பணம் பண்ணினார். துருவக் கரடியைக்கூட வில்லால் வீழ்த்தினார். இன்றைக்கு அது எனக்கு அவ்வளவு உவப்பில்லை. ஆனால் பேசியபோது வில்லைப் பற்றிப் பேசினார். முதல் மானுக்குப் பல வருஷம் காத்திருந்ததை மறைக்கவில்லை. பெரிய தொப்பி, மெதுவான குரல். அவரால் வேட்டையை வெறுத்தவர் என்று ஒருவரை நான் இந்தப் பக்கத்தில் சந்தித்ததில்லை.

வில் வாங்கும்போது விலையில் 11 சதவீத மத்திய வரி ஒளிந்திருக்கிறது. துப்பாக்கிக்கு 1937-இல் வந்த சட்டம், வில்லுக்கு 1972-இல் நீண்டது. அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குப் போகிறது. இதை எங்கும் தைரியமாகச் சொல்லலாம். நோய் விஷயத்திலும் பேச வேண்டியிருக்கிறது. மானை உருக்கிக் கொல்லும் சி.டபிள்யூ.டி. நோய் மிஷிகன் காட்டு மான்களிடம் 2015-இல் தென்பட்டது. ஒரே குவியலில் பல மான்கள் வாய் வைத்தால் பரவும் என்று 2019-இல் கீழ்த் தீபகற்பத்தில் இரை வைப்பதைத் தடை செய்தார்கள். அந்தத் தடையை எதிர்த்துச் சத்தம் போட்டவர்களில் நுஜென்ட்டும் உண்டு. பெரிய குரல் தப்பான பக்கம் நின்றால், சரியான பக்கத்தில் சின்னக் குரல்கள் நிறைய வேண்டும். தலைநகர் லான்சிங்கில் வேட்டை விதிகள் பற்றிய கூட்டம் நடக்கும்போது போய் உட்காருங்கள். மூன்று நிமிடம் தருவார்கள், இரண்டில் முடியுங்கள்.

9. நம்மிடமும் ஒரு வில்லாளி உண்டு.

கொல்லிமலை வல்வில் ஓரி. புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்துப் போனதாம். மிஷிகனில் இதைச் செய்தால் எத்தனை டேக் வேண்டும், புலிக்கு எங்கே போவது என்பதை விடுங்கள். காட்டில் பார்த்த வேட்டுவன்தான் ஓரி என்று தெரியாமல், பாணர் கூட்டம் அவன் எதிரிலேயே அவன் பெயரைச் சொல்லிப் பாடுகிறது. தன் பெயர் காதில் விழுந்ததும் அவன் கூச்சப்பட்டான் என்கிறது பாட்டு. அப்புறம் தான் கொன்ற மானின் இறைச்சியைச் சமைத்து அவர்களுக்குக் கொடுத்தான். தூதரைத் தேடி நான் தனியாக யோசிக்கும்போது ரோகனும் நுஜென்ட்டும் வருவதில்லை. இஷியும் ஓரியும்தான் வருகிறார்கள்.

10. இனி காரியத்துக்கு வருவோம்.

1960-இலோ அதற்குப் பின்னோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்புச் சான்றிதழ் இல்லாமல் இங்கே வழக்கமான லைசென்ஸ் வாங்க முடியாது. நான் 1957, சட்டப்படி தேவையில்லை. இருந்தும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். நீங்களும் இந்த வாரமே பெயர் கொடுங்கள். 20 கெஜத்தில் பத்து அம்பும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழாதவரை மானைப் பார்க்க மட்டும் போங்கள். அடித்தால் 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், 2022 முதல் அது கட்டாயம். தரையில் நிற்கும்போதே பாதுகாப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு பிறகு பரணில் ஏறுங்கள். கேமரா வண்டியிலேயே இருக்கட்டும்.

முதல் மான் கிடைத்ததும் எனக்குக் கூப்பிடுங்கள், ராத்திரி எத்தனை மணியானாலும். கத்தி கொண்டு வருகிறேன். தொடைக்கறியில் ஒரு பொட்டலம் பக்கத்து வீட்டுக்கு எடுத்து வையுங்கள்.